மூன்று ஊர்களும் ஒரு மையமும்

சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம் குடும்பத்தார் சென்னைப் பக்கம் புறப்பட்டால் அரக்கோணத்தைத் தொடாமற் செல்வது அரிது. சித்தூரில் வண்டி ஏறுவோர் பெரும்பாலும் காட்பாடி வழியாக வருவர். திருப்பதியில் ஏறுவோர் இரேணிகுண்டா, திருத்தணி வழியாக வருவர். இரு வழியும் அரக்கோணத்தில் ஒன்றுகூடி, அங்கிருந்து ஒரே பாதையாகச் சென்னை நோக்கிச் செல்லும். இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரியும் நமக்கு அவ்வூரின் பெயர் நாள்தோறும் கண்ணிற்படும் பெயர்களுள் ஒன்று. ஆயினும் அவ்வூரைப் பற்றி ஒரு செய்தி உண்டு. அதனை அறிந்தோர் சிலரே.

சித்தூர், திருப்பதி, சென்னை ஆகிய மூன்று ஊர்களின் வழியாகவும் செல்லுமாறு நாட்டுப் படத்தின் மீது ஒரு வட்டம் வரைந்தால், அவ்வட்டத்தின் மையம் அரக்கோணத்திற்கு வெகு அருகில் விழுகின்றது. அரக்கோணத்திலிருந்து இம்மூன்று ஊர்களும் நேர்க்கோட்டுத் தொலைவில் ஏறத்தாழ 65 கிலோமீட்டரில் நிற்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணியர் இருப்புப்பாதை 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளன்று இராயபுரத்திற்கும் வாலாஜாவுக்கும் இடையே அரக்கோணம் வழியாகத் திறக்கப்பட்டது. அதனை அமைத்தோர் இவ்வட்டத்தை மனத்திற் கொண்டு அமைத்தார்கள் என்று நாம் கூற வரவில்லை. இது தற்செயலாக வாய்த்த பொருத்தமே. ஆனால் இப்பொருத்தத்தை எவ்வாறு கண்டறிவது என்பது தற்செயல் அன்று. அது ஒரு கணக்கு. அக்கணக்கைப் பத்தாம் வகுப்பிற் படிக்கும் எந்தக் குழந்தையும் செய்துவிட இயலும்.

கணக்கைப் பற்றிய கட்டுரைக்கு நம் இதழில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் எண்ணக்கூடும். நம் குழந்தைகள் இங்கே தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ கல்வி பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். மற்றப் பாடங்களில் எப்படியோ ஒப்பேற்றிவிடும் பிள்ளைகள் கணக்கில் இடறும்போது, பெற்றோர் அருகிற்சென்று உதவ அஞ்சுகின்றனர். "அவர்கள் படிப்பது வேறு மொழி, நமக்கு என்ன தெரியும்?" என்று ஒதுங்கிவிடுகின்றனர். பிள்ளையும் தந்தைக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு கட்டிவிடுகின்றது. இவ்விரு முடிவுகளும் தவறு என்பதைக் காட்டவே இதனை எழுதுகின்றோம்.

முதலில் அடிப்படையைக் காண்போம். ஒரு புள்ளி மட்டும் இருந்தால் அதன் வழியாக எண்ணிறந்த வட்டங்களை வரையலாம். இரண்டு புள்ளிகள் இருந்தாலும் அப்படியே. ஆனால் இப்போது மையம் கண்ட இடத்தில் இருக்க முடியாது. இரண்டு வீட்டார் சேர்ந்து ஒரு கிணறு தோண்ட விரும்புகின்றனர். இருவருக்கும் சம தூரத்தில் இருக்க வேண்டும் என்கின்றனர். அக்கிணறு எங்கெங்கே அமையலாம்? இரு வீட்டிற்கும் நட்ட நடுவில் அமையலாம். அல்லது அந்த நடுவிலிருந்து, இரு வீட்டையும் இணைக்கும் கோட்டிற்குச் செங்குத்தாகச் செல்லும் கோட்டின் மீது எங்கு வேண்டுமாயினும் அமையலாம். இக்கோட்டைச் செங்குத்து இருசமவெட்டி என்பர். மூன்றாவது வீட்டாரும் கிணற்றிற் பங்கு கேட்டால், இரண்டாவது வீட்டிற்கும் மூன்றாவது வீட்டிற்கும் இதுபோன்ற மற்றொரு கோடு கிடைக்கும். இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம் ஒன்றே. அதுவே மூவர்க்கும் பொதுவான கிணறு; அதுவே வட்டத்தின் மையம்.

மூன்று வீடுகளும் ஒரே தெருவில் ஒரே நேர்க்கோட்டில் இருந்துவிட்டால் இவ்விரு கோடுகளும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும், எங்கும் சந்திக்கமாட்டா. அப்போது மூவர்க்கும் சம தூரத்தில் ஓர் இடமும் இல்லை, வட்டமும் இல்லை. இவ்வுண்மைகள் கிரேக்க அறிஞர் யூக்ளிட்டின் காலந்தொட்டே அறியப்பட்டவை. ஆனால் அவருடைய வழியில் அளவுகோலும் கவராயமும் கொண்டு படம் வரைய வேண்டும். நூறு கிலோமீட்டர் தொலைவுக்குக் கவராயத்தை எங்கே தேடுவது?

இவ்விடத்தில்தான் ஆயத்தொலை வடிவியல் துணைக்கு வருகின்றது. பிரெஞ்சு நாட்டு அறிஞர் டேக்கார்ட் 1637ஆம் ஆண்டு வெளியிட்ட நூலால் இம்முறை பரவிற்று. இதன் உட்பொருள் மிக எளிது. ஓர் இடத்தைத் தொடக்கமாகக் கொள்க. மற்ற ஒவ்வோர் இடமும் அதிலிருந்து கிழக்கே எவ்வளவு, வடக்கே எவ்வளவு என்று இரண்டு எண்களாற் குறிக்கப்படும். மேற்கு என்றாலும் தெற்கு என்றாலும் எண்ணின் முன் கழித்தற் குறி இடவேண்டும். படம் எண்களாக மாறிவிட்டது. இனிக் கவராயம் வேண்டா, கூட்டலும் பெருக்கலும் போதும்.

சித்தூரைத் தொடக்கமாகக் கொள்வோம். அதன் எண்கள் (0, 0). திருப்பதி அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர் கிழக்கே, 45 கிலோமீட்டர் வடக்கே உள்ளது. ஆகவே (35, 45). சென்னை சென்ட்ரல் நிலையம் சுமார் 127 கிலோமீட்டர் கிழக்கே, 15 கிலோமீட்டர் தெற்கே உள்ளது. ஆகவே (127, −15). நாம் தேடும் மையம் சித்தூருக்குக் கிழக்கே 'க' கிலோமீட்டர், வடக்கே 'வ' கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு இடங்களுக்கு இடையேயுள்ள தூரத்தின் வர்க்கம், கிழக்கு வேறுபாட்டின் வர்க்கமும் வடக்கு வேறுபாட்டின் வர்க்கமும் கூடியதாகும். இது செங்கோண முக்கோணத்தின் பழைய விதியே. மையத்திலிருந்து சித்தூருக்கும் திருப்பதிக்கும் தூரம் சமம் என்பதால்,

க² + வ² = (க − 35)² + (வ − 45)²

வலப்புறத்தை விரித்தால் க²வும் வ²வும் இருபுறத்திலும் நீங்கிவிடும். எஞ்சுவது 70க + 90வ = 3250; பத்தால் வகுத்தால்,

7க + 9வ = 325.

வர்க்கங்கள் நீங்கி நேர்க்கோட்டுச் சமன்பாடு எஞ்சுவதைக் கவனிக்க. முன்னர்க் கிணற்றுக்குச் சொன்ன செங்குத்துக் கோடு இதுவேயன்றி வேறில்லை. இவ்வாறே சித்தூரையும் சென்னையையும் சேர்த்து எழுதினால் 254க − 30வ = 16354; இரண்டால் வகுத்தால்,

127க − 15வ = 8177.

முதற் சமன்பாட்டை 5ஆலும் இரண்டாவதை 3ஆலும் பெருக்கிக் கூட்டினால் 'வ' மறைந்து, 416க = 26156 என்றாகும். ஆகவே க = 62.875. இதனை முதற் சமன்பாட்டில் இட்டால் வ = −12.79. அஃதாவது மையம் சித்தூருக்குக் கிழக்கே சுமார் 63 கிலோமீட்டரும் தெற்கே சுமார் 13 கிலோமீட்டரும் ஆகும். ஆரம் சுமார் 64 கிலோமீட்டர். விடை சரியா என்று சோதிப்பது எளிது. மையத்திலிருந்து மூன்று ஊர்க்கும் தூரத்தின் வர்க்கத்தைத் தனித்தனியே கண்டால் மூன்றும் 4117ஐ ஒட்டியே வருகின்றன. நாட்டுப் படத்தில் அரக்கோணம் சித்தூருக்குக் கிழக்கே சுமார் 62, தெற்கே சுமார் 15 என்ற இடத்தில் உள்ளது. கணக்கிற் கண்ட மையத்திற்கும் சந்திப்பு நிலையத்திற்கும் உள்ள இடைவெளி இரண்டு மூன்று கிலோமீட்டரே.

இதனை நாம் அண்மையில் அண்டை வீட்டுச் சிறுமி ஒருத்திக்குத் தாளில் எழுதிக் காட்டினோம். அவள் பத்தாம் வகுப்பு மாணவி. தந்தை தச்சுத் தொழில் புரிபவர். பிழைப்பிற்காகத் திருப்பதிக்கு வந்தவர். தம் பெயரை எழுதுமளவே படித்தவர். இப்பாடம் வந்த நாள்முதல் அவள் கணக்கு நோட்டைத் தந்தையின் கண்ணிற் காட்டுவதில்லை. மேல்வகுப்பிற் கணக்கு வேண்டாம், வேறு ஏதாவது படிக்கின்றேன் என்று தாயிடம் சொல்லத் தொடங்கியிருந்தாள். நாம் எழுதிக்கொண்டிருக்கையில் தந்தை வந்து நின்று பார்த்தார்.

"வட்டத்துக்கு நடுப் பார்க்கிறதா ஐயா இது?" என்று வினவினார்.

"ஆம். உங்கள் தொழிலில் நடுப் பார்ப்பதில்லையா?" என்றோம்.

"வட்ட மேசைப் பலகைக்குத் தினமும் பார்க்கிறதுதானே" என்று சொல்லி, மூலைமட்டத்தை எடுத்து வந்தார். வட்டமான ஒரு பலகையின் விளிம்பில் மூலைமட்டத்தின் முனையைப் பொருத்தி, அதன் இரு கைகளும் விளிம்பைக் கடக்கும் இடங்களிற் பென்சிலாற் புள்ளியிட்டார். இரு புள்ளிகளையும் கோட்டால் இணைத்தார். பலகையைச் சற்றுத் திருப்பி மீண்டும் அவ்வாறே செய்தார். இரு கோடுகளும் வெட்டிய இடத்தில் ஆணியை ஊன்றி, "இதுதான் நடு" என்றார்.

சிறுமி அளவுகோலை எடுத்து நான்கு பக்கமும் அளந்து பார்த்தாள். பின்னர், "இது எப்படி அப்பா வரும்?" என்று கேட்டாள்.

"எப்படியோ வரும், கண்ணு. என் அப்பா செய்தார், நான் செய்கிறேன்" என்றார் அவர்.

எப்படி வரும் என்பதை அவள் நோட்டிலேயே கண்டோம். மையத்தை (0, 0) என்றும் ஆரத்தை 5 என்றும் கொண்டால், விட்டத்தின் இரு முனைகள் (−5, 0), (5, 0). விளிம்பில் (3, 4) என்ற புள்ளியை எடுப்போம். முதல் முனையிலிருந்து அப்புள்ளிக்குச் செல்லும் கோட்டின் சாய்வு 4/8, அதாவது அரை. மற்ற முனையிலிருந்து செல்லும் கோட்டின் சாய்வு 4/(−2), அதாவது −2. இரண்டையும் பெருக்கினால் −1. பெருக்கற்பலன் −1 ஆனால் கோடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்து. விளிம்பில் வேறெந்தப் புள்ளியை எடுத்தாலும் முடிவு இதுவே. விட்டத்தின் இரு முனைகளும் விளிம்பிற் காணும் கோணம் எப்போதும் செங்கோணம். இதனைத் திருப்பிச் சொன்னால், விளிம்பிற் செங்கோணம் வைத்தால் அதன் கைகள் விட்டத்தின் முனைகளையே தொடும். மூலைமட்டம் செங்கோணமன்றோ! தந்தை கையாற் செய்ததைத்தான் மகள் எண்ணாற் செய்தாள். அன்று மாலை அவள் மேசைப் பலகையின் மீதே நோட்டை விரித்து வைத்துத் தந்தைக்குச் சாய்வு என்றால் என்னவென்று விளக்கிக்கொண்டிருந்தாள். பொதுத் தேர்வு இனிமேல்தான். மேல்வகுப்பில் அவள் எதனை எடுப்பாள் என்பதும் இனிமேல்தான் தெரியும். ஆனால் நோட்டு மறைப்பது நின்றுவிட்டது.

இக்கணக்கு தேர்வோடு முடிவதன்று. நம் அனைவருடைய உயிரையும் காக்கும் கணக்கு இது. காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலா, சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்கு வரும் பாதையிற் பயணம் செய்தோர் அது குன்றுகளை ஒட்டி வளைந்து வருவதைக் கண்டிருப்பர். வளைவு என்பது ஒரு பெரிய வட்டத்தின் சிறு துண்டு. அதன் ஆரம் எவ்வளவு என்று தெரிந்தாலன்றி, அங்கே வண்டி எவ்வளவு வேகத்திற் செல்லலாம் என்று வகுக்க இயலாது. மையமோ அரை கிலோமீட்டருக்கு அப்பால், குன்றின் உள்ளேயோ ஏரியின் நடுவிலோ இருக்கும். அங்கே சென்று ஆணியடிக்க யாரால் இயலும்?

பாதைப் பணியாளர்கள் செய்யும் உபாயம் வியக்கத்தக்கது. வெளித் தண்டவாளத்தின் உட்பக்கத்தில் 20 மீட்டர் நீளமுள்ள நூலை இழுத்துப் பிடிப்பர். நூலின் நடுவில், நூலுக்கும் தண்டவாளத்திற்கும் உள்ள இடைவெளியை மில்லிமீட்டர் அளவுகோலால் அளப்பர். இவ்விடைவெளிக்கு வெர்சைன் என்று பெயர். நூலின் இரு முனைகளும் நடுவிலுள்ள தண்டவாளப் புள்ளியும் ஆக மூன்று புள்ளிகள் கிடைத்துவிட்டன.

இடைவெளி 100 மில்லிமீட்டர் என்க. மூன்று புள்ளிகள் மீட்டர்க் கணக்கில் (0, 0), (20, 0), (10, 0.1). முதலிரண்டு புள்ளிகளுக்கும் நடுவே செல்லும் செங்குத்துக் கோட்டின் மீது மையம் இருப்பதால் அதன் முதல் எண் 10. இரண்டாவது எண்ணை 'வ' என்க. தூரங்களைச் சமப்படுத்தினால் 100 + வ² = (0.1 − வ)²; இதிலிருந்து வ = −499.95. ஆரம் 500.05 மீட்டர். இரயில்வேயில் இவ்வளவு நீட்டாமல், 50,000ஐ மில்லிமீட்டரில் உள்ள வெர்சைனால் வகுத்து ஆரம் 500 மீட்டர் என்று உடனே சொல்லிவிடுவர். அரை கிலோமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் வேறுபாடு ஒரு பொருட்டன்று. நூலும் அளவுகோலும் கொண்டு, காணாத மையத்தின் தொலைவைக் கண்டுவிட்டனர்!

வளைவில் வண்டி வெளிப்புறம் தள்ளப்படாதிருக்க வெளித் தண்டவாளத்தை உள் தண்டவாளத்தைவிட உயர்த்தி அமைப்பர். அகலப் பாதையில் இவ்வுயரத்தைக் காண, வேகத்தின் வர்க்கத்தை 1750ஆற் பெருக்கி, 127ஐ ஆரத்தாற் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்திற்கு, 500 மீட்டர் ஆரமுள்ள வளைவில் இவ்வாறு கிடைப்பது 99 மில்லிமீட்டர். ஆரம் 400 மீட்டரானால் 124 மில்லிமீட்டர். நூலில் 100 மில்லிமீட்டருக்கும் 125 மில்லிமீட்டருக்கும் உள்ள ஓரங்குல வேறுபாடே இவ்விரு வளைவுகளையும் பிரிக்கின்றது. விரைவு வண்டியும் சரக்கு வண்டியும் ஒரே பாதையிற் செல்வதால், நடைமுறையில் இடைப்பட்ட ஓர் உயரத்தையே தேர்ந்துகொள்வர். எனினும் தொடக்கம் அந்த நூல்தான். வெயிலிற் குனிந்து நூல் பிடிக்கும் பணியாளரின் கையிலிருந்தே நம் பயணத்தின் பாதுகாப்புத் தொடங்குகின்றது.

இக்கணக்கைத் தலைகீழாகத் திருப்பினால் வேறொரு பயன் கிடைக்கும். மையங்கள் தெரியும், ஆரங்கள் தெரியும், வட்டங்கள் வெட்டும் புள்ளி எது? நம் கைப்பேசி நாம் நிற்கும் இடத்தைக் கண்டறிவது இவ்வாறே. செயற்கைக்கோள்களே மையங்கள், அவற்றின் குறியொலி வந்துசேரும் நேரத்திலிருந்து தூரம் தெரிகின்றது. வான வெளியில் என்பதால் வட்டங்களுக்குப் பதில் கோளங்கள். கைப்பேசியின் கடிகாரப் பிழையையும் நீக்க வேண்டியிருப்பதால் நான்கு செயற்கைக்கோள்களேனும் தேவை. இவ்வகையில் இந்தியா அமைத்துக்கொண்ட 'நாவிக்' வரிசையின் முதற் செயற்கைக்கோள் 2013ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்டது. அந்த ஸ்ரீஹரிகோட்டா, 2022ஆம் ஆண்டு ஏப்ரல் 4ஆம் நாள் உருவான திருப்பதி மாவட்டத்திலேயே இன்று அடங்கியுள்ளது. நம் பிள்ளைகள் படிக்கும் பாடம் நம் மாவட்டத்திலிருந்தே விண்ணுக்குச் செல்கின்றது.

பெற்றோர்க்கு ஒரு சொல். மொழி வேறென்று அஞ்ச வேண்டா. தெலுங்குப் புத்தகத்தில் விருத்தம் என்பது நம் வட்டம். கேந்திரம் என்பது மையம். வியாசம் என்பது விட்டம். வியாசார்தம் என்பது விட்டத்திற் பாதியாகிய ஆரம். ஜ்யா என்பது நாண். நிரூபகங்கள் என்பவை ஆயத்தொலைவுகள். இந்த ஆறு சொற்களை ஒரு தாளில் இருமொழியிலும் எழுதிப் பிள்ளை படிக்கும் இடத்திற்கு எதிரே சுவரில் ஒட்டிவைத்தாற் போதும். தமிழ்ச் சொல்லும் வீட்டில் வாழும், பாடமும் விளங்கும்.

பின்னர் ஒரு விடுமுறை நாளில் நாட்டுப் படத்தை விரித்து, நீங்கள் பிறந்த ஊர், இப்போது வாழும் ஊர், உறவினர் வாழும் ஊர் என மூன்றைப் பிள்ளையிடம் காட்டுக. ஒன்றைத் தொடக்கமாகக் கொண்டு மற்ற இரண்டின் எண்களையும் அளந்து எழுதச் சொல்லுக. இரண்டு சமன்பாடுகளில் மையம் கிடைத்துவிடும். அம்மையத்தில் எந்த ஊர் இருக்கின்றதென்று எல்லோரும் சேர்ந்து தேடிப் பாருங்கள். விடை கண்டவர்கள் ஊர்ப் பெயர்களோடு நம் சங்கத்திற்கு எழுதி அனுப்பினால், அவற்றை மற்றப் பிள்ளைகளும் செய்து பார்க்க ஏதுவாகும்.